எட்டுக்கால் சிப்பும் அண்ணியின் தோசை மாவும்

என் கோபத்துக்கு எங்கள் வீட்டில் 'பால் பொங்கிடுச்சு' என்று பெயர். நான் குரலை உயர்த்தினால் போதும், அண்ணன் சாப்பிடுகிற தட்டிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல், "அடுப்பைக் குறைங்க, பால் பொங்கிடுச்சு" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிடுவேன். ஐந்து நிமிஷத்தில் அடங்கிப் போகிற கோபம்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் நாற்பது வயதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

கார் நிறுத்துமிடங்களில் தடுப்புக் கம்பியைத் தூக்கி இறக்குகிற போர்டுகளை வடிவமைப்பதுதான் என் வேலை. கம்பி உங்கள் கார்மேல் விழுந்திருந்தால் அது நான் செய்த போர்டு இல்லை. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறேன். சாப்பாட்டு மேசையில் பாதி சாப்பாட்டுக்கு, பாதி சால்டரிங் இரும்புக்கும் ஒயர்களுக்கும். சில நாள் இரண்டும் கலந்துவிடும். ரசத்தில் ஒரு ரெசிஸ்டர் கிடந்து எடுத்திருக்கிறேன்.

அண்ணன் குடும்பம் ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவில், கிள்ளானில். அண்ணன் துறைமுகத்தில் கன்டெய்னர் லோரி ஓட்டுகிறார். அண்ணி ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பகுதியின் தரப் பரிசோதகர், பதினாலு வருஷமாக. அது போதாதென்று, வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடையின் கீழ்த்தளத்தை எடுத்து, இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு தோசை மாவு அரைத்து விற்றுவந்தார். அந்த இருவரையும் நாங்கள் பெரியக்கா, சின்னக்கா என்றுதான் கூப்பிடுவோம். அண்ணியின் மாவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நாத்தனார் வாயால் அண்ணியைப் புகழ்ந்தால் ஊர் நம்பாது.

போன வருஷம் கோலாலம்பூரில் ஒரு ஹோட்டல் அண்ணியின் மாவைத் தினமும் வாங்கிக்கொள்ளச் சம்மதித்தது. ஒரே ஒரு நிபந்தனை. மாவு வைக்கிற சில்லரில் முப்பது நாள் குளிர் எவ்வளவு இருந்தது என்று இடைவிடாத பதிவு வேண்டும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, கருவி எடுத்த பதிவாக. கையால் எழுதினால் செல்லாது. அண்ணி சந்தோஷத்தில் மறுநாளே தொழிற்சாலையில் வேலையை விடுகிற கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். முன்கூட்டிச் சொல்லவேண்டிய காலம் கழிந்து, பதிவு முடியும் அதே வாரத்தில் வேலையும் முடியும்படி கணக்கு. ஹோட்டல் வேண்டாம் என்றுவிட்டால் திரும்பிப் போக இடமில்லை, அந்த இடத்துக்கு ஏற்கெனவே வேறு ஆள் எடுத்துவிட்டார்கள்.

"அந்த மெஷின் ஆன்லைன்ல விக்குதாம். ஒண்ணு ஆர்டர் போட்டுரலாம்லா," என்றார் அண்ணன்.

எனக்குச் சுருக்கென்றது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்? "நான் எதுக்கு இருக்கேன்? ஒரு வாரத்துல செஞ்சு தரேன்," என்றேன்.

அண்ணி என் முகத்தையும் அண்ணன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அவளே செய்யட்டும். நம்ம வீட்டுல செஞ்சதுன்னா எனக்கும் தைரியம்," என்றார்.

செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு மைக்ரோகண்ட்ரோலர், அதாவது ஒரு நகத்தளவு மூளை. அதில் ஒரு வெப்பமானி. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை பார், எழுது, தூங்கு. சிக்கல் எங்கே என்றால், அந்த மூளைக்குள் எழுதி வைக்க இடம் கொஞ்சம்தான். ஒரு நாளைக்கு நூற்று நாற்பத்து நாலு பதிவு. முப்பது நாளைக்கு நாலாயிரத்துக்கும் மேலே. நேரத்தோடு சேர்த்து எழுதினால் நாலைந்து நாளிலேயே நிரம்பிவிடும். ஆகவே வெளியே ஒரு நினைவகச் சிப்பை வைத்து, மூளையின் கால்களிலிருந்து அதன் கால்களுக்கு இணைப்புக் கொடுக்க வேண்டும்.

அந்தச் சிப்புக்கு எட்டுக் கால். நாலு கால் பேச்சுவார்த்தைக்கு. முதலாவது, 'உன்னைத்தான் கூப்பிடுகிறேன்' என்று மூளை சொல்கிற கால். அதில் மின்னழுத்தத்தை இறக்கினால்தான் சிப் காது கொடுக்கும். இரண்டாவது, தாளம் போடுகிற கால். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு துணுக்குச் செய்தி நகரும். மூன்றாவதில் செய்தி உள்ளே போகும், நான்காவதில் வெளியே வரும். இன்னும் இரண்டு கால் மின்சாரத்துக்கு. மிச்சம் இரண்டு. ஒன்று 'எழுதாதே' கால், ஒன்று 'பொறு' கால். பொறு காலில் மின்னழுத்தம் இறங்கினால் சிப் அப்படியே வாயை மூடிக்கொள்ளும். மூளை என்ன கத்தினாலும் எழுதாது, பதிலும் சொல்லாது. நமக்கு அந்த வசதி வேண்டாம் என்றால் அந்தக் காலை மின்சாரத்தோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். இது எங்கள் தொழிலில் பால பாடம்.

நான் எப்போதும் வாங்குவது, சிப்பைச் சின்னப் பலகையில் பொருத்தி விற்கிற தயார்ச் சரக்கு. அதில் அந்த இரண்டு கால்களையும் அவர்களே கட்டிக் கொடுத்துவிடுவார்கள். நாலு ஒயர், மின்சாரம், முடிந்தது. அன்றைக்குக் கடையில் அது தீர்ந்துபோயிருந்தது. "சும்மா சிப்புதான் இருக்கு பாஸ்," என்றார் கடைக்காரர். வாங்கினேன். பலகை நானே செய்தேன். எழுதாதே காலை ஒழுங்காகக் கட்டினேன். பொறு காலைக் கட்டவில்லை. ஏன் என்று இன்றுவரை தெரியாது. யாரோ போன் செய்திருப்பார்கள், அல்லது சோறு பொங்கியிருக்கும். அந்தப் பொறு கால் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. மேசையில் வைத்துப் பார்த்தபோது வேலை செய்தது. தொங்குகிற கால் அப்படித்தான். சமயத்தில் நல்ல பிள்ளை மாதிரி நடிக்கும்.

ஆயுத பூசையன்று கொண்டுபோய் மாட்டினேன். நல்ல நாள் என்று அண்ணிதான் அந்த நாளைச் சொன்னார். கடையைக் கழுவி விட்டிருந்தார்கள். கிரைண்டர், தராசு, கரண்டி, கத்தி, அண்ணனின் லோரி, எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் ஆயிற்று. நான் சில்லருக்குப் பக்கத்துச் சுவரில் பெட்டியைத் திருகிவிட்டு, சுண்டலும் பொங்கலும் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது பெட்டிக்கு மூடி போட்டிருந்தது.

"தூசி விழும்னு நானே மூடிட்டேன்," என்றார் அண்ணி. மூடியின்மேல் வட்டமாக ஒரு பொட்டு. எனக்கு அழகாகத்தான் இருந்தது. சுவிட்சைப் போட்டேன். சின்னத் திரையில் நாலு டிகிரி என்று வந்ததும் பெரியக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை மடிக்கணினியை இணைத்துப் பார்த்தால் ஒரு பதிவு விடாமல் இருந்தது. அந்த வாரம் முழுக்க நல்ல மழை. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறை. "பார்த்தீங்களா, கடையில வாங்கினா இப்படி வருமா?" என்று அண்ணனிடம் பீற்றிக்கொண்டேன். அண்ணி எனக்கு ஒரு டப்பா நிறைய மாவு கொடுத்தனுப்பினார்.

பிறகு மழை நின்று வெயில் ஏறியது. பதினோராம் நாள் போய்ப் பார்த்தால் பட்டியலில் கோடுகள். சிப்பில் எதுவும் எழுதப்படாத இடத்துக்கு என் நிரல் ஒரு சின்னக் கோடு போடும். காலை பதினோரு மணியிலிருந்து மூன்று மணிவரை வரிசையாகக் கோடு. முந்தின நாளும் அப்படித்தான். திரையில் மட்டும் நாலு டிகிரி சாதுவாக ஓடிக்கொண்டிருந்தது. திரை வெப்பமானியைப் பார்த்துக் காட்டுகிறது, அதற்குச் சிப்பைப் பற்றி என்ன கவலை. அதனால் கடையில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

மூடியைக் கழற்றினேன். நினைவகச் சிப்பின் மூலையில், கச்சிதமாக, காய்ந்து வெடித்த ஒரு சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம் வேறு.

பால் பொங்கிவிட்டது.

"அண்ணி! இது என்ன ஆட்டுக்கல்லா? சிப்பு மேல யாராச்சும் சந்தனம் பூசுவாங்களா? கொஞ்சமாவது மூளை வேண்டாம்? இதுகூடத் தெரியல, வேலையை விட்டுட்டுப் பெரிசா பிசினஸ் பண்ண வந்துட்டீங்க!"

பெரியக்கா கையில் மாவோடு நின்றுவிட்டார். சின்னக்கா தரையைப் பார்த்தார். அண்ணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, "எல்லாத்துக்கும் வச்சேன்மா. இதை மட்டும் விட மனசு வரல. தெரியாமப் பண்ணிட்டேன்," என்றார். குரல் சின்னதாக இருந்தது. தொழிற்சாலையில் நாற்பது பேரை மேய்க்கிறவர் அவர்.

நான் பிரஷ்ஷும் ஸ்பிரிட்டும் வைத்துச் சுரண்டிக் கழுவினேன். ஒரு கையால் போர்டைப் பிடித்தபடியே பத்து நிமிஷம் பார்த்தேன். ஒழுங்காக எழுதியது. "இனிமே யாரும் தொடக்கூடாது," என்று பொதுவாக ஓர் உத்தரவு போட்டுவிட்டு ரயிலேறி வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன்.

மூன்று நாள் கழித்து அண்ணி போன் செய்தார். "நீ வந்து ஒரு தடவை பார்த்துட்டுப் போறியா? நாங்க தொடலம்மா," என்றார். போய்ப் பார்த்தால் கோடு, கோடு, கோடு. மூன்று நாளில் நாலைந்து எண்கள்தான் விழுந்திருந்தன. சந்தனம் இருந்தபோதாவது மழை நேரத்தில் எழுதியது. சுத்தம் செய்தபின் சுத்தமாக எழுதவில்லை.

"சாமி கோவிச்சுக்கிச்சு," என்றார் சின்னக்கா மெதுவாக. நான் முறைத்தேன்.

பெட்டியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு, காலையில் காப்பியோடு உட்கார்ந்து ஒவ்வொரு காலாகப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். கூப்பிடுகிற கால், சரி. தாளம், சரி. உள்ளே, வெளியே, சரி. எழுதாதே, கட்டியிருக்கிறது. பொறு, அதாவது ஏழாவது கால். அதிலிருந்து எந்தப் பாதையும் எங்கேயும் போகவில்லை.

காப்பி ஆறிப்போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாவது காலுக்கு ஒட்டினாற்போல் இருப்பது எட்டாவது கால். மின்சாரம் வருகிற கால். அண்ணி பொட்டு வைத்த மூலை அதுதான்.

நம்ப மனசு வரவில்லை. கீழே இறங்கிப் பூசைச் சாமான் கடையில் சந்தனத்தூள் வாங்கிவந்தேன். ஒரு கிண்ணத்தில் குழைத்து, இரண்டு காலையும் தொடுகிற மாதிரி ஒரு பொட்டு வைத்தேன். சிப் மளமளவென்று எழுதியது. முடி உலர்த்துகிற கருவியை எடுத்துச் சூடு காட்டினேன். சந்தனம் காய்ந்தது, கோடு விழுந்தது. வாயருகே வைத்து ஹா என்று ஊதினேன். மறுபடி எழுதியது. ஈரச் சந்தனத்தில் மின்சாரம் துளித்துளியாகக் கசியும். தொங்குகிற காலைத் தூக்கிப் பிடிக்க அந்தத் துளியே போதும். கழுவிய அன்று போர்டைப் பிடித்திருந்த என் கை வியர்வையும் அதையேதான் செய்திருக்கும். மழை பெய்து காற்றில் ஈரம் இருந்தவரை அண்ணியின் பொட்டுதான் என் போர்டைக் காப்பாற்றியிருக்கிறது. நான் செய்யாமல் விட்ட இணைப்பை அவர் தெரியாமலே செய்து வைத்திருக்கிறார். அதற்குத்தான் நான் அவரை அந்தக் கிழி கிழித்தேன்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தப் பழமொழியை எத்தனை பேர் தலையில் தூக்கிப் போட்டிருப்பேன்! சாப்பாட்டு மேசையில் சந்தனக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் ஒரு ரெசிஸ்டரை வைத்து சால்டர் செய்ய இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

அன்று மாலையே கொண்டுபோய் மாட்டினேன். அண்ணன் லோரியில் இருந்தார், அக்காமார் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அண்ணியிடம் மட்டும், "தப்பு என்னோடதுதான் அண்ணி, ஒரு காலைக் கட்டாம விட்டுட்டேன். சந்தனத்தால ஒண்ணும் இல்ல," என்று வேகமாகச் சொல்லி முடித்தேன். அண்ணி, "சரிம்மா. இப்ப எழுதுதா?" என்று மட்டும் கேட்டார். எழுதியது. அதன்பிறகு ஒரு கோடுகூட விழவில்லை.

ஆனால் விழுந்த கோடுகள் விழுந்தவைதான். முப்பதாம் நாள் பட்டியலை எடுத்தபோது நடுவில் ஆறு நாள் சல்லடையாக இருந்தது. சில்லரில் ஒரு குறையும் இல்லை. மற்ற நாளெல்லாம் மூன்று, நாலு, மூன்று, நாலு. அந்த ஆறு நாளும் அப்படித்தான் இருந்திருக்கும். நிரலில் ஒரு வரி சேர்த்தால் காலி இடமெல்லாம் நிரம்பிவிடும். நிரப்பியும்விட்டேன். அச்சடித்து அண்ணியிடம் நீட்டினேன். "இதைக் கொடுத்துடுங்க. யாராலயும் கண்டுபிடிக்க முடியாது."

அண்ணி பட்டியலின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நிறுத்தினார். "அன்னைக்கு மத்தியானம் கரண்டு போயி ஒரு மணி நேரம் சில்லர் நின்னுச்சு. இதுல நாலு டிகிரின்னு இருக்கு," என்றார். "பதினாலு வருஷமா மத்தவங்க எழுதின பொய் நம்பரைப் பிடிக்கிறதுதாம்மா என் வேலை. நானே ஒண்ணைக் கொண்டுபோய்க் கொடுக்கவா? கோட்டோடயே கொடு."

கோடுகளோடு இருவரும் ஹோட்டலுக்குப் போனோம். அங்கே தர அதிகாரி முக்காடிட்ட ஒரு மலாய்ப் பெண், என் வயதுதான் இருக்கும். பட்டியலைப் புரட்டி, பேனாவால் தட்டி, "இனி கெனாப்பா கோசோங்?" என்றார். இதெல்லாம் ஏன் காலி? அண்ணி என்னைப் பார்த்தார். நான் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். கருவியை நான் செய்தது, ஒரு காலை விட்டது, சில்லரில் குறை இல்லை, குறை என்னிடம். ஒன்றும் கஷ்டமாக இல்லை. முன்பின் தெரியாதவரிடம் தப்பை ஒப்புக்கொள்வது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கரண்டு போன விஷயத்தை அண்ணியே எடுத்துச் சொன்னார்.

அதிகாரி யோசித்துவிட்டு, கருவியைச் சரிசெய்த நாளிலிருந்து புதிதாக முப்பது நாள் கொண்டுவாருங்கள், அதுவரை எதுவும் உறுதி சொல்ல முடியாது என்றார். இன்னும் இரண்டு வாரம். அந்த வெள்ளிக்கிழமையே அண்ணிக்குத் தொழிற்சாலையில் கடைசி நாள்.

அந்த இரண்டு வாரம் நான் இருந்த இருப்பு எதிரிக்கும் வரக்கூடாது. வேலை இடத்தில் தடுப்புக் கம்பி ஏறி இறங்கும்போதெல்லாம் அண்ணி சீருடையை மடித்து அலமாரியில் வைத்தது ஞாபகம் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் கிள்ளானுக்கு ஓடினேன். அண்ணி ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "சாப்பிட்டியா?" என்பார். தோசை வார்த்துப் போடுவார்.

பட்டியல் முடிந்தது, ஒரு கோடும் இல்லாமல். கொடுத்தோம். இரண்டு நாளில் ஹோட்டலிலிருந்து ஆர்டர் வந்தது. அண்ணன் பாசார் கடைத்தெருவிலிருந்து பெரிய கேக்காக வாங்கிவந்தார். எனக்கு விசிலடிக்க வேண்டும்போல இருந்தது.

கேக் வெட்டுவதற்கு முன்னால் அண்ணி என்னைச் சில்லர் பக்கம் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்த ஆபீசரம்மாகிட்ட இங்கிலீஷ்ல சொன்னே. ரொம்ப நல்லா சொன்னே," என்றார். "என்னைத் திட்டினது தமிழ்ல. அதுவும் அவங்க ரெண்டு பேர் முன்னால. அன்னைலேர்ந்து மெஷின் கெட்டதுக்கு நான்தான் காரணம்னு அவங்க நினைச்சுக்கிட்டு இருக்காங்க. இந்தக் கடையில கையால ஒண்ணைத் தொடுறதுக்கு எனக்கே பயமா இருக்குது. அவங்க முன்னாலயும் ஒரு தடவை சொல்லிடும்மா."

"ஏன் அண்ணி இத்தனை நாளா கேக்கல?"

"ஆர்டர் வராமப் போயிருந்தா கேட்டிருக்கவே மாட்டேன்மா. உன்மேல பழி போட்ட மாதிரி ஆயிடும். இப்ப வந்துடுச்சு. இப்ப கேக்கலாம்."

நான் கடைக்குள் போனேன். பெரியக்கா கிரைண்டரில் உளுந்தைத் தள்ளிக்கொண்டிருந்தார். சின்னக்கா பாக்கெட்டுகளை ஒட்டிக்கொண்டிருந்தார். "அக்கா, அன்னைக்கு அந்தச் சந்தனம்..." என்று ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கிரைண்டர் சத்தம். திட்டின அன்றைக்கும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது, அன்றைக்கு என் குரல் அதையும் தாண்டித் தெருவரை கேட்டிருக்கும்.

அண்ணி போய் கிரைண்டரை நிறுத்தினார்.

"இப்ப சொல்லு," என்றார்.